தர்மலிங்கம் அண்ணைக்கு நான் செய்யாத அரை மணி வேலை

செவ்வாய்க்கிழமை காலை லேத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃபோர்மேன் வந்து, தொலைபேசியில் யாரோ அழைப்பதாகச் சொன்னார். மறுமுனையில் தர்மலிங்கம் அண்ணை வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள். ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் முடிந்துவிட்டது என்றார். எனக்கு முதலில் நினைவு வந்தது அவர் முகமல்ல, ஒரு புல்லி. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைப் புல்லி. அதை நான் செய்து கொடுத்திருக்கவில்லை.

இங்கே ஜெர்மனியில், மன்ஹைமில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பைத்தியமும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து அறுபதுகளின் நடுவில் வந்து, அச்சகத்தில் வேலை பார்த்த மனிதர். அமெரிக்கச் சிப்பாய்களுக்கான வானொலியில் ஒரு நாட்டுப்புறப் பாடகரைக் கேட்டு, அந்தக் குரலில் விழுந்துவிட்டார். அந்தப் பாடகரின் சொந்த இசைத்தட்டுகள் அவருக்கு வேண்டாம். மற்றவர்களின் தட்டுகளில் அந்தப் பாடகர் கூடப் பாடிய பாட்டுகள்தான் வேண்டும். அவர் பெயர் பின்னட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்.

"தன்ரை ரெக்கோட்டிலை எல்லாரும் நல்லாத்தான் பாடுவினம். மற்றவன்ரை பாட்டிலை ரெண்டாம் குரலா நிண்டு பாடேக்கைதான் ஆளைத் தெரியும்" என்பார்.

பாடகர் இறந்த பிறகு, மற்றவர்கள் அஞ்சலியாகப் பாடிய அவருடைய பாட்டுகளையும் சேர்க்கத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அதுல அவர் குரலே இல்லியே அண்ணை. அதெதுக்கு?"

"செத்தவீட்டிலை செத்தவனே வந்து கதைக்கிறவன்? மற்றாக்கள்தானே கதைப்பினம்!"

சனிக்கிழமைகளில் கடலை வடை சுட்டுக்கொண்டு படைமுகாம் வாசலுக்குப் போவார். வடைக்குப் பதிலாகச் சிப்பாய்கள் தட்டுகளை இரவல் தருவார்கள். திங்களன்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள், ஊர் திரும்பிய ஒரு சிப்பாயிடம் வாங்கிய அமெரிக்க டேப் ரெக்கார்டரில் பதிந்துகொள்வார். தட்டுக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிவதுதான் அவர் முறை. பிறகு தட்டு தந்த சிப்பாயும் ஊருக்குப் போய்விடுவான், தட்டும் போய்விடும். இப்படி ஏழு வருடத்தில் இருபத்திரண்டு நாடாக்கள்.

போன இளவேனிலில் கடையில் வாங்கிய ஒரு நாடாவை அதில் போட்டோம். பாட்டு தூக்கக் கலக்கத்தில் இழுப்பதுபோல் வந்தது. எனக்கு உடனே காரணம் புரிந்தது. அது அமெரிக்காவின் அறுபது சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்த மோட்டார். இங்கே ஐம்பதுதான். ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். மோட்டார் அச்சில் இருக்கும் புல்லி பெரிதானால் நாடா வேகமாக ஓடும். மறுநாளே தொழிற்சாலையில் பெரிய புல்லி ஒன்றைக் கடைந்து மாட்டினேன். பழையதைக் கழிவுத் தொட்டியில் எறிந்தேன். கடை நாடா கணீரென்று பாடியது. அண்ணை என் முதுகில் தட்டினார்.

பிறகு தம்முடைய நாடாவைப் போட்டார். அணில் கத்துவதுபோல் வந்தது. மெதுவாக ஓடும் இயந்திரத்தில் பதிந்ததை மெதுவாக ஓட்டினால்தான் சரியாகக் கேட்கும். கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பில் தேறியவனுக்கு அது முன்கூட்டியே தோன்றவில்லை.

"தம்பி, ஆளைப் பொடியனாக்கிப் போட்டீர்!" என்று சிரித்தார். அடுத்த நாடா, அதற்கடுத்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பழசையே பூட்டிவிடும்."

"எறிஞ்சுட்டேன் அண்ணை. அரை மணி வேலைதான். அடுத்த வாரம் செஞ்சு தர்றேன்."

அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. அதற்கடுத்து ஓவர்டைம். மூன்று மாதம் போயிற்று. நுரையீரலுக்காக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரே ஒரு முறை கேட்டார்: "அந்தப் புல்லி என்ன மாதிரி? வீட்டை போனால் ஒருக்காக் கேக்கலாமெண்டு..."

"அடுத்த வாரம் அண்ணை."

"ஓம், ஓம். உமக்கும் வேலைதானே." அதன் பிறகு அவர் கேட்கவில்லை. கோபித்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. தப்பித்துக்கொள்ள இப்படியும் சொல்லிப் பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சிறிய புல்லியைக் கடைந்தேன். அரை மணிகூட ஆகவில்லை. நாடாப் பெட்டிகளை வீட்டுக்கார அம்மாள் என்னிடமே கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு பெட்டிகளிலும் அவர் கையெழுத்தில் "தம்பிக்கு முந்தி" என்று இருந்தது. இருபத்து மூன்றாவதாக, நான் பார்த்திராத ஒரு பெட்டி: "தம்பிக்குப் பிறகு." எந்த நாடா எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று எனக்காகக் குறித்து வைத்திருக்கிறார். நான் என்றாவது செய்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறார்.

முந்தியவை எல்லாம் இப்போது சரியாகப் பாடுகின்றன. பிந்தியதைக் கேட்கப் பெரிய புல்லியை மாட்ட வேண்டும். அதில் யாரோ ஒருவர் அஞ்சலியாகப் பாடுகிறார். தட்டுக்கும் மைக்குக்கும் பக்கத்திலேயே அண்ணை உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். பாட்டுக்கு அடியில், இருமலை அடக்கிக்கொண்டு, மெதுவாக ரெண்டாம் குரல் பாடுகிறார்.

இரண்டு புல்லிகளும் என் இழுப்பறையில் இருக்கின்றன. இனி எதையும் எறிவதாக இல்லை.