கிள்ளான் மின்னலும் என் இடப்பக்கத்து மண்டையும்

கிள்ளானில் வெட்டும் மின்னல், தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர் வரை வந்து, என் இடப்பக்கத்து மண்டைக்குள் இறங்குகிறது என்று ஒரு வருஷத்துக்கு மேல் நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். முட்டாள்தனத்துக்குக் கிடைக்கிற மாதிரி ஆதாரம் வேறு எதற்கும் கிடைப்பதில்லை.

நான் அப்போது ரயில்வேயில் தந்திக் குமாஸ்தா. ஸ்டேஷனை அடுத்த பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு, மனைவி, நான்கு பிள்ளைகள். கம்பியின் அந்த முனையில் கிள்ளான் குமாஸ்தா தட்டுவார். என் மேசைமேல் இருக்கும் பித்தளைக் கருவி ‘டக், டக்கடக்’ என்று பேசும். அதைக் காதால் கேட்டுக் கையால் எழுத வேண்டும். மத்தியானம் வானம் கறுக்கும். தகரக் கூரையில் முதல் துளி விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே என் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு தச்சன் துளை போட ஆரம்பிப்பான். வெளிச்சம் ஆகாது, மீன் வாசனை ஆகாது, பிள்ளைகள் மூச்சு விடுவதுகூட ஆகாது. இங்கே இன்னும் மழை இல்லை, ஆனால் வலி வந்துவிட்டது. அப்படியானால் மழை வேறெங்கோ தொடங்கிவிட்டது. எனக்கும் ‘வேறெங்கோ’வுக்கும் இருந்த ஒரே தொடர்பு கிள்ளான் கம்பி. விஷயம் தீர்ந்தது.

ரப்பருக்குள் மின்சாரம் போகாது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். டெங்கில் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த மச்சானிடம் ஒரு ரப்பர் ஷீட் வாங்கி, தொப்பி அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துக்கொண்டேன். புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர். வியர்வை பட்டதும் அது தன் குணத்தைக் காட்டியது.

“தலையில என்னங்க, செத்த எலியா?” என்றாள் மனைவி.

“மின்னல் காப்பு.”

“மின்னல் ஓடுதோ என்னவோ, நான் ஓடிருவேன்.”

வலி குறையவில்லை. அந்த நாற்றத்தில் கூடத்தான் செய்தது. ‘ஷீட்டின் கனம் போதவில்லை’ என்று இன்னொரு மடிப்பு வைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம். கிள்ளானிலிருந்து செய்தி வந்துகொண்டிருக்கிறது, நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், திடீரென்று தாளின் வலது பாதியைக் காணோம். மேசையின் வலது பாதியும் இல்லை. அவை இருந்த இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஓர் ஒளி துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே வந்தார். அவருக்கு ஒரு காதும் அரை மீசையும்தான் இருந்தன. மின்னல் கடைசியில் கண்ணைச் சுட்டே விட்டது என்று நினைத்தேன். கை மட்டும் பழக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தது.

அது எழுதிய லட்சணம் மறுநாள் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான ஸ்டேஷன் மாஸ்டர், தந்தித் தாளை என் மூக்குக்கு நேரே பிடித்தார். இப்போது முழு மீசையும் இருந்தது.

“என்ன காணும், கிள்ளானிலை ஆர் உம்மட்டைப் பதின்மூண்டு வேகன் கேட்டது? மூண்டெல்லோ கேட்டவங்கள்!”

தாளைப் பார்த்தேன், என் கையெழுத்தேதான்.

“போன மாசமும் ஒரு பிழை விட்டனீர். இன்னொண்டு விட்டீரெண்டால் உம்மை டொக்டரிட்டை அனுப்புறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை. ஆள் குறைக்கிற காலம், விளங்குதோ?”

நன்றாக விளங்கியது. டாக்டர் ‘தகுதியில்லை’ என்று ஒரு வார்த்தை எழுதினால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். அடுத்த வரிசையில் இருந்த ஒரு குடும்பம் அப்படித்தான் சட்டிபானையோடு ஊருக்குக் கப்பலேறியது.

அன்று சாயங்காலம் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்து, மனைவியிடம் கடைசி வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். “என் கண்ணு போயிட்டா சைக்கிள உன் தம்பிக்குக் கொடுத்துரு.”

“கண்ணு நேத்தே திரும்பி வந்துருச்சில்ல? எழுந்திரிச்சுக் கஞ்சியக் குடிங்க. மரத்திலேருந்து விழுந்து தோள் ஒடிஞ்சு கிடந்தானே என் தம்பி, அவனுக்குக் கை பழக்கிவிட்டவரு கிள்ளான்லதான் இருக்காரு. நாளன்னிக்கு லீவுதானே, போயிட்டு வாங்க.”

“தலைவலிக்குக் கைவைத்தியமா?”

“ரப்பர் வைத்தியத்துக்கு அது தேவலாம்.”

போனேன். மின்னல் பிறக்கும் ஊருக்கே போகிறோமே என்று மூன்று மடிப்பு ரப்பரோடு போனேன். அவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் சிலுவை போட்ட தமிழர். எலும்பு முறிந்து கூடிய தோட்டத்து ஆட்களுக்குக் கை கால்களை மறுபடியும் அசைக்கப் பழக்குவதே அவருடைய வேலையாக இருந்தது. என் தொப்பியை வாங்கி உள்ளே பார்த்தார்.

“இது என்ன தம்பி?”

சொன்னேன். ஒரு நிமிஷம் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது.

“சரி. ஆபீஸ்ல எப்படி உக்காருவ? அப்படியே உக்காரு.”

உட்கார்ந்தேன். கருவி இடது பக்கம், மழைச் சத்தத்தில் அது கேட்காது. ஆகவே இடது காதை அதன்மேல் சாய்த்து, தோளைத் தூக்கி, தாடையை முன்னால் நீட்டினேன்.

“எத்தனை வருஷமா?”

“பதினெட்டு.”

பின்னால் வந்து, மண்டையும் கழுத்தும் சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இடது கண்ணுக்குள் பளீரென்று வெடித்தது. அதே தச்சன், அதே துளை! “ஐயோ, கண்ணு!” என்று அலறிவிட்டேன். அவர் விரல் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. வானத்தில் மேகம்கூட இல்லை. பதினெட்டு வருஷமாக என் சொந்தக் கழுத்தில் ஒளிந்திருந்ததை நான் கம்பியில் தேடியிருக்கிறேன்.

“மழைக்கு வர்ற ஒத்தத் தலைவலி உனக்கு இருக்கு. அத என்னால நிறுத்த முடியாது,” என்றார். “ஆனா கழுத்து பாதி வலிய முன்னாடியே ஏத்தி வெச்சிருக்கு. மழை மிச்சத்த ஏத்துது. நாம கழுத்தோட பங்கக் குறைப்போம். கண்ணு மறைஞ்சு வர்றதும் இந்த வலியோட சேர்த்திதான், நிறையப் பேருக்குப் பாத்திருக்கேன். மறைஞ்சது திரும்பலேன்னா மட்டும் என்கிட்ட வராத, டாக்டர்கிட்ட ஓடு.”

சுவரில் முதுகை ஒட்டி நின்று தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ண வேண்டும். தோளைக் காது வரை தூக்கித் தொப்பென்று விட வேண்டும். வெந்நீர்த் துணி போட்டு அந்த இடத்தை மெதுவாக அழுத்த வேண்டும். காலையும் மாலையும். “தலையக் கருவிக்கிட்ட கொண்டு போகாதலா. சத்தத்தத் தலைக்கிட்ட கொண்டா,” என்று ஒரு காலி பிஸ்கட் டின்னையும் கையில் கொடுத்தார்.

மறுநாளே வாசல் சுவரில் ஒட்டி நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாள், “என்னண்ணே, சுவர் விழுந்துரும்னு தாங்கிப் புடிக்கிறீங்களா?” என்றார். கருவியை டின்னுக்குள் நிறுத்தியதும் அது ஊருக்கே கேட்டது. “இதென்ன காணும், கோயில் மேளமோ?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். வலி வரும் நாட்கள் குறைந்திருந்தன. ஒரு மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் மேலே வானம் கன்னங்கரேலென்று இறங்கியது. தாளின் ஓரத்தில் ரம்பப் பல் துடிக்கத் தொடங்கியது. அதே நேரம் பார்த்துக் கிள்ளான் தட்ட ஆரம்பித்தது. காதில் கப்பல் சங்கு ஊதியது. கழுத்து தானாகக் கருவியை நோக்கிப் போயிற்று. இழுத்துப் பிடித்து நிமிர்ந்தேன். டின் பேசியது. தாளில் எழுதிய பாதி தெரிந்தது, எழுத வேண்டிய பாதிதான் தெரியவில்லை. அதை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதுகிறவன் உலகத்தில் யார்? எழுதினேன். கௌரவம் பார்த்து அதுவரை செய்யாத ஒன்றையும் செய்தேன். “ஐந்து வேகன்தானா?” என்று திருப்பித் தட்டிக் கேட்டேன். “ஐந்து,” என்று பதில் வந்தது.

கையோடு கையாக, “அங்கே மழையா?” என்றும் கேட்டேன்.

“இல்லை. நல்ல வெயில்.”

அன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. கிள்ளானில் ஒரு சொட்டும் விழவில்லை. தலை வலித்தது, விளக்கு வைப்பதற்குள் விட்டுவிட்டது. கிள்ளானுக்கு ஐந்து வேகன் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் என்னை டாக்டரிடம் அனுப்பவில்லை.