மழைநீருக்கு வந்த பதில்

மேடையில் பேசுவதை நான் கற்றுக்கொண்டது பூசையில். மந்தைவெளியில் எங்கள் மாதா கோயிலில், ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பூசைக்கு முதல் வாசகம் வாசிக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்பில் என் தலையில் விழுந்தது. பீடத்தில் பூசைக்கு உதவி செய்துகொண்டிருந்த அண்ணன், தானே பெரிய பேச்சாளன் மாதிரி கட்டளை போட்டான். வரியின் கடைசிச் சொல்லை விழுங்கக் கூடாது, கடைசி பெஞ்சில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்க வேண்டும். முடித்ததும் நிமிர்ந்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்வேன். கோயிலே, "இறைவா, உமக்கு நன்றி" என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்த பிறகுதான் எனக்கு இறங்கக் கால் வரும். ஊரே எனக்கு நன்றி சொல்வதாக உள்ளூர ஒரு நினைப்பு.

அந்தத் தெம்பில்தான் பள்ளிப் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். தலைப்பு மழைநீர் சேகரிப்பு. முதல் பரிசு வாங்குபவருக்கு ஆண்டு விழாவில் பேசும் யோகம். எனக்கு அது எப்படியும் வேண்டும் என்றிருந்தது. பத்து நாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிடம் பேசிப் பேசி அண்ணனின் உயிரை வாங்கினேன்.

போட்டியன்று ஹால் நிறையப் பிள்ளைகள். பெற்றோர் பின்சுவரை ஒட்டி நின்றார்கள், அம்மாவும் அங்கேதான். நன்றாகத்தான் பேசினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், கடைசி வரிசை வரை பார்த்தேன். "ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டோம்" என்று முடித்து, பழக்கப்படி நிமிர்ந்தேன். வாய் அதன் பாட்டுக்கு, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றது.

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். "இன்னா சிஸ்டர், பூசை முடிஞ்சிச்சா?" என்று எவனோ குரல் கொடுத்தான். அந்தப் பதில் வராமல் எனக்குக் கால் நகரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது பின்சுவரிலிருந்து ஒற்றைக் குரல். "இறைவா, உமக்கு நன்றி!"

அம்மா! எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஹாலே அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சந்தடியில் நான் இறங்கி ஓடிவிட்டேன்.

பரிசு வேறொருத்திக்குப் போனது. என் மானத்தைக் கப்பலேற்றியது அம்மாதான் என்று முடிவு கட்டினேன். நான் உளறியதை நாலு நாளில் எல்லாரும் மறந்திருப்பார்கள், இவள் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்?

பள்ளி இருந்த அடையாறிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. கண்டக்டர் வந்ததும் சில்லறையை என் கையில் திணித்து, "நீயே கேளுடி, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். எப்போதும் அப்படித்தான். நாலு பேர் முன்னால் அவளுக்குக் குரலே எழும்பாது. கோயிலில்கூட அந்தப் பதிலை உதட்டுக்குள்தான் சொல்வாள். டிக்கெட்டை வாங்கி அவளிடம் நீட்டினேன். அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. மேடையில் நின்றது நான், இவளுக்கு என்ன நடுக்கம் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.