பதினாறு இஞ்சு சக்கரம்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு யாராவது ஒருவர் இதை ஆரம்பித்துவிடுவார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் அம்மன் வண்டியின் சக்கரத்தையே கழற்றிப் போட்டவள் உன் அம்மா என்று. சொல்லட்டும். கழற்றினாள்தான், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏன் கழற்றினாள் என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டுச் சொல்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

வெள்ளானூரில் எங்கள் குடும்பத்து நிலமெல்லாம் மனைகளாகப் போன பிறகு, மூலையில் கிணற்றோடு ஒரு துண்டு மிஞ்சியது. பெரியப்பா அதில் கொட்டகை போட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்து கேனில் அடைக்கும் இயந்திரத்தை வைத்தார். எங்கெங்கிருந்தோ வந்து எங்கள் வயலில் வீடு கட்டிக்கொண்டவர்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீரையே காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள். கேன்களைக் கொண்டுபோய்ப் போட பெரியப்பா தன் பெயரில் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். ஓட்ட வேண்டியவர் என் அப்பா. அவர் முதல் வாரமே யாரோ புதிதாகக் கட்டிய மதிலில் கொண்டுபோய் முட்டிவிட்டு இறங்கினார். அதோடு சரி, அம்பத்தூர் ஃபேக்டரி வேலையே போதும் என்று இருந்துவிட்டார்.

அம்மா கற்றுக்கொண்டாள். லைசென்ஸும் எடுத்தாள். அம்மா குள்ளம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டுதான் கிளட்சை எட்டுவாள். வீட்டுக்குள் ஒரு பிடி பருப்பு எடுக்கவும் பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டு நின்றவள், அந்த இருக்கையில் ஏறிவிட்டால் யாரையும் எதையும் கேட்க மாட்டாள். எந்தத் தெருவில் முதலில் நுழைவது, எங்கே நிறுத்தி டீ குடிப்பது, எல்லாம் அவள் இஷ்டம். அது பெரியப்பாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்குப் பெரியம்மாவின் தம்பி வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார். அவரும் வண்டி ஓட்டுவார்.

ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் தெருவலம் வருவது எங்கள் வீட்டு வண்டியில்தான். அது எங்கள் குடும்பத்துக்கு உள்ள மரியாதை. அந்த வருஷம் பெரியப்பாவுக்குத் திடீரென்று வண்டியின் அழகில் அக்கறை வந்தது. பக்கத்து ஊர்க்காரன் பளபளவென்று அலாய் வீல் போட்டிருக்கிறானாம், நம் வண்டி மட்டும் சாணி மிதித்த மாதிரி நிற்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என்னையும் பெரியம்மாவின் தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஆவடியில் ஒரு டயர் கடைக்குப் போனார். தினமும் அதை ஓட்டுகிறவளை அழைத்துப்போகவில்லை. செருப்பு வாங்கப் போகிறவர்கள்கூடக் காலைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

கடைக்காரர், "லோடுக்கா, லுக்குக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்குந்தான்" என்றார் பெரியப்பா.

வண்டியில் இருந்தது பதினாலு இஞ்சு. பெரியப்பா பதினாறு இஞ்சைக் கை காட்டினார், அதற்கு மேல் தடித்த டயர். மாட்டி முடித்ததும் பெரியம்மாவின் தம்பி ஏறி ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. உரசாது, வண்டி காலியாக அல்லவா நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வண்டி எழுந்து நிற்கிறது என்று கைதட்டினேன். கழற்றிய சக்கரங்களைப் பெரியப்பா கடையில் விடவில்லை. துருப்பிடித்த ஆணியைக்கூட எடுத்துவைக்கிற மனிதர், வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினார்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "லோடு ஏத்தினா ஒரசுமே மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"கடைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார் பெரியப்பா.

மறுநாள் காலை புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைப் பற்றித் தொங்கித்தான் ஏற முடிந்தது அவளால். கேன்களை ஏற்றியதும் வண்டி அமுங்கியது. முதல் இடது திருப்பத்திலேயே டயர் மட்கார்டில் உரசிக் கரகரவென்று கத்தியது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. ஆவடி மேம்பாலத்தில் ஏற மாட்டேன் என்று வண்டி முக்கியது. மத்தியானம் திரும்பியபோது பாதி வீடுகளுக்குக் கேன் போய்ச் சேரவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. பெரியப்பா வாசலிலேயே காத்திருந்தார், பலகாரத்துக்குக் காத்திருப்பவர் போல.

"அதுக்குத்தான் சொல்றேன், பொம்பள கைக்கு அடங்காது. சாவிய மச்சாங்கிட்ட குட்த்துட்டு ஊட்டு வேலைய பாரும்மா."

பெரியம்மாவின் தம்பியும் குழைந்து குழைந்து, "நீ இன்னாத்துக்குக்கா கஷ்டப்பட்டுகினு, நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன கரிசனம் பாருங்கள்.

அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அவள் மேல்தான் கோபம். இவ்வளவு அழகான சக்கரத்தை ஓட்டத் தெரியவில்லையே என்று.

திருவிழாவுக்கு முந்தின நாள், வண்டிமேல் பந்தல் கட்டுகிறவர்கள் மூங்கிலோடு வந்து பார்த்தால், வண்டி ஜாக்கியில் நிற்கிறது. அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஸ்பேனர்மேல் ஏறி நின்று நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பழைய சக்கரங்கள். நாலையும் பிடுங்கி வண்டியை அந்தரத்தில் தொங்கவிட்டதாகத்தான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பொய். ஒன்றைக் கழற்றினாள், ஒன்றை மாட்டினாள், அடுத்ததற்குப் போனாள். தெருவே கூடிவிட்டது. அப்பாவுக்கு அன்று விடுமுறை. இருந்தும் சட்டையை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் பக்கம் நடந்தார்.

பெரியப்பா வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "நாளிக்கி அம்மன் ஏறுற வண்டி. இன்னா பண்ணிகினு கீற?"

"அம்மன் ஏறி, பந்தல் ஏறி, பத்து ஆம்பளையும் ஏறினா வண்டி அமுங்கும். மொத திருப்பத்துலயே டயர் ஒரசி நின்னுடும். பெரிய ஊட்டு வண்டி நட்டநடுத் தெருவுல நிக்குதுன்னு ஊரே சிரிக்கும். பரவாயில்லையா?"

"மச்சான் ஓட்டினா ஒரசாது."

"யாரு ஓட்டுறாங்கன்னு டயருக்குத் தெரியாது மாமா."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "அந்த ஒசரத்துல வந்தாத்தான்மா அம்மனுக்கு மருவாதி" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

அம்மா கடைசிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே சொன்னாள். "அவளும் பொம்பளதான். ஏற எறங்கத் தாழ்வா இருந்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

இன்றைக்கு அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் வண்டி மறுபடியும் குட்டையாகிவிட்டதே.

திருவிழாவன்று பெரியம்மாவின் தம்பி புதுச் சட்டையும் சந்தனமுமாக வந்தபோது அம்மா ஏற்கெனவே இருக்கையில் இருந்தாள். குளித்து, மஞ்சள் புடவை கட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து, இஞ்சினையும் ஓடவிட்டிருந்தாள். அம்மன் ஏறியாகிவிட்டது. பம்பை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மன் முன்னால் எப்படிச் சண்டை போடுவது? பெரியப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய், இரண்டு கையையும் தூக்கி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுத்தார்.

வழி நெடுக அப்படியேதான். ரைட்டில் ஒடி என்று கை காட்டுவார், லெஃப்டில் வாங்கு என்பார், நிறுத்து என்று உள்ளங்கையை விரிப்பார். பார்த்தவர்களுக்கு அவர்தான் வண்டியை நடத்துகிறார் என்று தோன்றியிருக்கும். அம்மா நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் பள்ளம், எந்த வீட்டு கேபிள் தொங்குகிறது என்று தினம் கேன் போடுகிறவளுக்குத் தெரியாதா? எந்தத் திருப்பத்திலும் டயர் உரசவில்லை.

நான் அவள் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பாவம், அவளுக்குப் பெரியப்பாவின் கை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, ரைட்டுன்றாரு. அம்மா, நிறுத்தச் சொல்றாரு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரிடி" என்றாள். வண்டி அது பாட்டுக்குத் தன் வழியில் போனது.

இவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஓட்டுகிறாளே, இவளுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று கோயில் வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலையாக இருந்தது.