செயலாளர் ஐயாவின் காலைக் கோப்பு

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் பி.ஏ., அதாவது நேர்முக உதவியாளர். அந்தப் பெயரை வைத்தவர் ஓய்வுபெற்ற அரசுச் செயலாளர். எண்பதைத் தாண்டி, ஞாபகம் ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டு வந்த காலத்தில், ஓட்ஸ் கிண்ணத்தோடு வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"புது பி.ஏ.வா? முதல் நாளே லேட்டு."

"சாரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேலைதான் முக்கியம், கூப்பிடும் பெயர் அல்ல. பாதி ஆயுளை ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்துக் கழித்தவள். புருஷன் எங்கோ போய்விட்டான், அவள் தேடவில்லை. வீட்டோடு இருந்து நோயாளியைப் பார்த்துக்கொண்டால் வாடகை மிச்சம் என்று இந்த வேலைக்கு வந்தாள்.

பெரியவரின் சிக்கல் மாத்திரை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகள் கெஞ்சுவாள், அழுவாள், பிறகு கத்துவாள். பின்னறையில் அலமாரி நிறைய அவருடைய சொந்தக் காகிதங்கள் இருந்தன: வேலை பார்த்த காலத்துக் குறிப்புகள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள், எல்லாம் நாடா கட்டிய கோப்புகளாக. ஒருநாள் தூசி தட்டப் போனவள், ஒன்றை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்துப் பார்த்தாள். அவருடைய முதுகு நிமிர்ந்தது. கண்ணாடி கேட்டார். ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, "அடுத்தது" என்றார்.

"மாத்திரை போட்டாத்தான் சார் அடுத்தது."

வாய் திறந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு கோப்பு, ஒரு மாத்திரை, பிறகு சாப்பாடு. மெத்தையில் மை கொட்டும் என்று பேனா தரவில்லை, பென்சில்தான். மகள் காலையில் பேங்க் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைக் கவனித்ததே இல்லை. அப்பா சாப்பிடுகிறார், அது போதும் அவளுக்கு.

ஒருநாள் காலையில் மகள் வேலைக்குக் கிளம்பவில்லை.

"அக்கா, பின்னறையைக் கொஞ்சம் பெருக்கி வைங்க. ஆவணக் காப்பகத்துலேர்ந்து வர்றாங்க. அப்பாவோட பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்கிறாங்களாம். அவர் ரிடையர் ஆனதிலேர்ந்து ஒரு கை படலைன்னு சொல்லிட்டேன். அதுதான் அவங்களுக்கு முக்கியமாம். நடுவுல யாராவது கைவெச்சிருந்தா மொத்தத்தையும் சந்தேகப்படுவாங்களாம்."

மகள் குளிக்கப் போனதும், பி.ஏ. ரப்பரை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். வேலை போனால் இன்னொரு வேலை. ஆனால் மகள் ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தாள். அங்கே வரிசையாகப் போட்ட கட்டில்களில் எவள் இவருக்குக் கோப்பு நீட்டுவாள்? கையைக் கட்டி, மூக்கில் குழாய் போடுவார்கள். அவள் பார்க்காத குழாயா?

முதல் கோப்பைப் பிரித்தாள். 'பார்த்தேன்' நடுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே தேதி, போன வாரத்துத் தேதி. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஞாபகம் போகிறவர்களுக்குத் தினமும் காலையில் கிழமையும் தேதியும் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் படித்ததைத் தவறாமல் செய்திருந்தாள். அவரும் தவறாமல் எழுதியிருந்தார்.

ரப்பரை அந்த எழுத்தின் மேல் வைத்தாள். கை நகரவில்லை. வார்டில் நோயாளியின் சார்ட்டில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அழித்தவளை வேலையை விட்டே அனுப்பியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ரப்பரை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

காப்பகத்து அம்மாள் தூசிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு நிதானமாகப் புரட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கோப்போடு நிமிர்ந்தாள்.

"இது யார் எழுதினது?"

"அப்பாதான். வேலை பார்த்த காலத்துல எழுதினதா இருக்கும்."

"தேதி இந்த மாசம்னு இருக்கே?"

மகள் கோப்பை வாங்கிப் பார்த்தாள். வாசலில் நின்ற பி.ஏ. உள்ளே வந்தாள்.

"நான்தான் குடுத்தேன். மாத்திரை போட வைக்க. இந்த மேல் தட்டு முழுக்க அப்படித்தான். கீழ் ரெண்டு தட்டையும் தொடலை."

"அக்கா! உங்களை நம்பி வீட்டையே விட்டுட்டுப் போனேனே!" மகள் குரல் உடைந்தது. "இது என்ன பழைய பேப்பர் கடையா?"

"தப்புதான் மேடம். மதிப்பு தெரியலை."

"அழிக்கலையே?" என்றாள் காப்பகத்து அம்மாள்.

"ரப்பர் எடுத்தேன். அழிக்கலை."

காப்பகத்து அம்மாள் பெருமூச்சு விட்டாள். "அழிச்சிருந்தா எதையுமே எடுத்திருக்க மாட்டேன். மேல் தட்டைத் தனியா கட்டி, 'பிற்காலக் குறிப்புகள் உண்டு'ன்னு எழுதி எடுத்துட்டுப் போறேன். ஏத்துக்கிறதா இல்லையான்னு எங்க இயக்குநர் சொல்லணும். என்னால உறுதி தர முடியாது." பிறகு கொஞ்சம் இறங்கி, "வேணும்னா சிலதை இன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறேன்" என்றாள்.

மாலைக்குள் அலமாரி காலி; ஒரு கட்டு ஜெராக்ஸ் மட்டும் வந்து சேர்ந்தது. மகள் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு ஜெராக்ஸை வெச்சு அவர் மாத்திரை போட்டா நீங்க இருங்க. போடலைன்னா நான் இதுல கையெழுத்துப் போட்டுடுவேன். என்னால முடியலைக்கா."

மறுநாள் காலை கிழமை சொல்லி, தேதி சொல்லி, வெள்ளை வெளேரென்ற ஜெராக்ஸ் தாள்களைப் பழைய அட்டையில் வைத்து நீட்டினாள். மகள் கதவோரம் நின்றாள். பெரியவர் தாளை விரலால் தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடினார். தள்ளினார்.

"இது நகல். அசல் எங்கே?"

பல்லைக் கடித்துக்கொண்டார். பி.ஏ.வின் உள்ளங்கையில் மாத்திரை பிசுபிசுத்தது. மகள் மெதுவாகத் திரும்பி மேசையை நோக்கி நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது.

"அசல் மேலிடத்துக்குப் போயிருக்கு சார். அவங்களா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"மேலிடமா?"

"ஆமா சார். பத்திரமா வெச்சுப்பாங்களாம்."

பெரியவர் யோசித்தார். செருப்புச் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப முன்னாடியே சொல்ல மாட்டியா? என்ன பி.ஏ. நீ?" என்று பென்சிலுக்குக் கை நீட்டினார். 'அசல் வந்ததும் மீண்டும் வைக்கவும்' என்று ஓரத்தில் எழுதி, சுருக்கொப்பமிட்டு, வாயைத் திறந்தார்.

மாத்திரை இறங்கியது. தண்ணீரையும் குடித்தார். பி.ஏ. அவர் தாடையைத் துடைத்துவிட்டு, ஓட்ஸ் ஆறுவதற்குள் எடுத்துவரப் போனாள். மகள் மேசை மேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கிழிக்கவில்லை.

"நாளைக்கு?" என்றாள்.

"நாளைக்கு வேற ஜெராக்ஸ்" என்றாள் பி.ஏ. "தள்ளுங்க மேடம், ஆறுது."