கத்தாமா பங்கிட்ட தண்ணீர்

ஓமானில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்த சுலோஜனாவிடம் நற்பிட்டிமுனைச் சனம் கேட்டது ஒரே கேள்விதான்: ஒட்டகத்தில் ஏறினாயா? மணலையும் ஒட்டகத்தையும் தவிர அந்த நாட்டில் ஒன்றுமில்லை என்பது ஊரின் முடிவு. அவள் வேலை செய்த வீடோ மலையடிவாரத்தில் இருந்தது. மழை பெய்தால் காய்ந்து கிடந்த ஆறு காரையே அடித்துக்கொண்டு போகும். வீட்டு மேடம் சன்சிபார் தீவில் பிறந்தவள், கோபம் வந்தால் அரபியை விட்டுச் சுவாஹிலியில் ஏசுவாள். ஒரு காலத்தில் அந்தத் தீவையும் ஓமான் சுல்தான்தான் ஆண்டாராம். இதையெல்லாம் கேட்க யாருக்குப் பொறுமை? வீட்டுவேலைக்குப் போனவளுக்கு, வேலைக்காரிக்கான அரபிச் சொல்லால், கத்தாமா என்று பெயர் வைத்தார்கள், அந்த நாட்டைப் பற்றிய ஊரின் அறிவு அதோடு முடிந்தது.

இந்தச் சிறுபோகத்தில், கோடை நெல் வயலில் நிற்கும்போதே, குளம் அரைவாசிக்கு வற்றிவிட்டது. நாவிதன்வெளியில் சுலோஜனாவின் இரண்டு ஏக்கர் வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. மேல்வயல்கள் குடித்த மிச்சம்தான் அவளுக்கு. பதினொரு நாளாக மிச்சமும் வரவில்லை. பயிர் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்றது, இன்னும் மூன்று நாள் காய்ந்தால் அத்தனையும் பதர். புருஷன் செத்துப்போன வீட்டில் வருடம் முழுக்கச் சோறு போடுவது அந்த வயல்தான்.

விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை கோணாமலை அவளுக்கு மாமா முறை. அவருடைய இரண்டு ஏக்கர் வாய்க்கால் தலைப்பில், தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"பாலைவனத்துல கத்தாமா வேலை செய்த உனக்குத் தண்ணியப் பத்தி என்ன புள்ள தெரியும்?" என்றார். கூட்டம் சிரித்தது.

சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம், கத்தாமாதான். தண்ணி பங்கிடுறத நான் படிச்சதே அந்தப் பாலைவனத்துலதான், மாமா."

மலைக்கடியில் சுரங்கம் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவதைச் சொன்னாள். அந்தக் காலத்தில் கம்பு நட்டு நிழலை அளந்து முறை விட்டார்கள், இப்போது மணிக்கூடு பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிய ஆளானாலும் நேரம் முடிந்தால் மடை அடைபடும். தண்ணீர் குறைந்தால் அங்கே எல்லாருக்கும் குறையும், இங்கே கடைசி வயல்காரனுக்கு மட்டும் இல்லாமல் போகும். வாய்க்காலில் இருபத்துநான்கு ஏக்கர், நாளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலம். ஏக்கருக்கு ஒன்று, கடைசியிலிருந்து தொடங்குவோம் என்றாள். கோணாமலை காது கேளாதவர்போல உரம் பற்றிப் பேசத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்புக்குப் போனாள். வயலுக்குத் தண்ணீர் பாயும் வரப்புவாயை அங்கே வக்கடை என்பார்கள். முதலில் அடைத்தது மாமாவின் வக்கடை. பிறகு ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே கீழே வந்தாள். அவளுக்கு முந்திய வயல்காரர் முஸ்தாக், அவருடையதும் காய்ந்த வயல், தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூட வந்தார்.

கோணாமலை ஆட்களோடு வந்து பொலிசுக்குச் சொல்லப்போவதாகச் சத்தம் போட்டார். தாராளமாகச் சொல்லுங்கள், வருகிறவர்களுக்கு உங்கள் வயலைத்தான் முதலில் காட்டுவேன் என்றாள். வந்தவர்களில் ஒருவரும் வக்கடையில் கைவைக்கவில்லை. ஞாயம் தெரிந்துதான் நின்றார்களா, அவள் மண்வெட்டி பிடித்திருந்த பிடியைப் பார்த்து நின்றார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். தனக்குத்தான் முதலில் எடுக்கிறாள், இனி விடவா போகிறாள் என்று கோணாமலை எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

எட்டு மணிக்குத் தண்ணீர் அவளுடைய வயலுக்குள் ஏறியது. வெடித்த நிலம் சத்தம் போட்டுக் குடித்தது. பத்து மணியானபோது மேட்டுப் பக்கம் அரை ஏக்கர் இன்னும் நனையவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாயட்டும் தங்கச்சி, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார் முஸ்தாக்.

அந்த அரை ஏக்கரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். குனிந்து சேற்றை வெட்டிப் போட்டுத் தன் வக்கடையைத் தானே அடைத்தாள். முஸ்தாக்கின் வக்கடையைத் திறந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து, வரப்பில் நின்ற கோணாமலையைப் பார்த்தாள்.

"என்ட நேரம் முடிஞ்சித்து, மாமா. உங்கட முறை நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு. பிந்தாம வாங்க."