மருதாணி இறங்காத தலை

எட்டு வருடங்களாக என் தலை செங்கல் நிறத்தில் இருந்தது. நரை தெரியக்கூடாது என்று மருதாணிப் பொடி பூச ஆரம்பித்தவன் நான். நரையைவிட மருதாணிதான் தூரத்திலிருந்தே தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள்தான் பெங்களூரிலிருந்து போன் செய்து சொன்னாள்.

“அப்பா, எந்த போட்டோவ எடுத்தாலும் முதல்ல உங்க தலைதான் கண்ணுல படுது. நிச்சயத்துக்காவது பிரவுனா மாத்திக்குங்களேன்.”

அன்று மாலையே ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனை சலூனுக்குப் போனேன். கடைக்காரர் என் முடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“பாக்கெட்ல வெறும் மருதாணிதானா சார், வேற எதுவும் கலந்திருந்துச்சா?”

“இயற்கைன்னு போட்டிருந்தது.”

“எல்லாத்துலயும் அப்படித்தாங்க போட்டிருக்கும். இது மேல டை போட்டா சில பேருக்குப் பச்சை அடிக்கும். எண்ணெயில ஊறவச்சு முடிஞ்சவரைக்கும் இறக்குங்க. அப்புறம் ஒரு கொத்து வெட்டி அதுல போட்டுப் பாருங்க. அவசரப்படாதீங்க.”

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடமாக வேதியியல் ஆசிரியர். எதையும் முதலில் துளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன். எனக்கே பாடமா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துத் தலையில் ஊற்றி, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஷாம்பு. நாலு தலையணை உறைகள் பாழானதுதான் மிச்சம். செங்கல் நிறம் பூசணி நிறமானது. அதற்குமேல் இறங்கவில்லை.

“ஏங்க, இது போதும், விட்டுடுங்க” என்றாள் மனைவி.

நான் விடவில்லை. மூன்றாம் ஞாயிறு மாலை, எந்தச் சோதனையும் செய்யாமல், பிரவுன் டையை முழுத் தலைக்கும் பூசினேன். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது காதோரம் இரண்டும் பாசி பிடித்த படித்துறைபோல் இருந்தன. மனைவி வந்து பார்த்தாள். உடனே சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போகத் துணிவில்லை. சலூன் திறந்ததும் போய் நின்றேன். கடைக்காரர் பழைய பேச்சை எடுக்கவில்லை. துணியைப் போர்த்திவிட்டு, “மொட்டைதான் சார்” என்றார்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார். “சமயபுரத்துக்கா போயிட்டு வரீங்க? வேண்டுதலா?”

“ஆமாங்க. பொண்ணு நிச்சயம் நல்லபடியா நடக்கணும்னு.” எப்படி வந்ததென்று தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது.

முசிறியில் நிச்சயதார்த்தம். எதிர்வீட்டு அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் போய்விட்டது. அவர் என்னிடம் வந்து கைகூப்பினார். “இந்தக் காலத்துல பொண்ணுக்காக மொட்டை போடுற அப்பா யாருங்க இருக்காங்க? எங்க பையன் குடுத்து வச்சவன்.” அவர் கண் கலங்கியிருந்தது. நானும் கைகூப்பினேன். தலையையும் அடக்கமாகக் குனிந்துகொண்டேன். உண்மை தெரிந்த மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

வீடு திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: “அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டீங்க. நாளைக்கே போய் நிஜமாவே முடி குடுத்துட்டு வந்துடுவோம்.”

மறுநாள் காலையே கிளம்பினோம். சமயபுரத்தில் முடியெடுப்பவர் என் தலையைத் தடவிப் பார்த்தார். ஒரு வாரம் வளர்ந்த வெள்ளை முள் மட்டும்தான் இருந்தது.

“முடியே இல்லையே சார், எதை எடுக்கிறது?”

“இருக்கிறத எடுங்க” என்றாள் மனைவி.

கத்தி தலையில் ஓடியபோது கொஞ்சம் எரிந்தது. அந்தச் சம்பந்தியம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் முதல் முறையாக, உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.