இருபதாவது நிமிடத்தில் அணையும் லேப்டாப்

போன வாரம் என் மனைவி தமிழரசிக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. குழந்தை பிறந்தபோது விட்ட வேலை... பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி முயற்சி. வீட்டிலிருந்தே பார்க்கிற கஸ்டமர் சப்போர்ட் வேலை. வியாழன் காலை பதினோரு மணிக்கு, முக்கால் மணி நேரம் பேச வேண்டும்.

எங்கள் லேப்டாப்போ இருபது நிமிடம்தான் தாங்கும். அதற்குள் தோசைக்கல்லாகச் சுட்டு, ஃபேன் கொர்ரென்று கத்தி, பொசுக்கென்று அணைந்துவிடும்.

"இன்னாங்க, பாதிப் பேச்சுல ஆஃப் ஆயிட்டா அவ்ளோதான். இன்னொரு சான்ஸ்லாம் தரமாட்டாங்க" என்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் நான் என்ன செய்தேன்? விசாரணைக் கமிஷன் வைத்தேன்!

"நீதான் இதை மெத்தை மேல வச்சி படம் பாக்கற. அதான் காத்து போவல."

"மெத்தை மேல வச்சி கிரிக்கெட் பாத்தது யாரு?"

"சரி... முப்பது டேப் தொறந்து வச்சா எந்த ப்ராசசர் தாங்கும்?"

"நாலுதான் இருக்குது. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். நாலுதான்.

நம் வீடுகளில் ரிப்பேர் வேலை இப்படித்தானே ஆரம்பிக்கிறது? என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்பே யார் கோளாறு என்று கண்டுபிடித்துவிடுகிறோம்.

அடுத்தது வைத்தியம். யூடியூப்பில் மூன்று வீடியோ பார்த்தேன். சூட்டை அளக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டேன். தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது. அடியில் இரண்டு கொட்டாங்குச்சியை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் பட்ட பெருமை இருக்கிறதே!

"எழுந்திரிங்க, கடைக்குப் போலாம்" என்றாள் தமிழரசி.

புதன்கிழமை காலை பாகூரிலிருந்து வில்லியனூருக்கு வண்டியை விட்டோம். அங்கே ஸ்டெல்லா என்ற பெண் சின்னதாக ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். "ப்ராசசரே பூட்டிருக்கும். புதுசுதான் வாங்கணும்" என்று வழியெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஸ்டெல்லா லேப்டாப்பை வாங்கினார். கவிழ்த்தார். விரலால் சுரண்டினார்.

"அண்ணா, இது இன்னாண்ணா மஞ்சளா?"



ஆயுத பூஜை! அருவாள், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், மோட்டார் ஸ்டார்ட்டர், பைக்... எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு லேப்டாப்புக்கும் வைத்தேன். மூடி மேல் வைத்தால் கறை தெரியுமே? அதனால் மகா புத்திசாலியாகக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பட்டையாக, தாராளமாக... சரியாகக் காற்று போகிற ஓட்டைகள் மேலேயே பூசியிருக்கிறேன்.

அடிமூடியைக் கழற்றியதும் காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஃபேன் இறக்கையெல்லாம் குங்குமம்.

"ஃபேனுக்கே பொட்டு வச்சிருக்கீங்களேண்ணா!"

பிரஷ் போட்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். ப்ராசசர் மேல் காய்ந்து கிடந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்தார். ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியே கடத்துவதற்கென்றே உள்ள பேஸ்ட்டாம் அது. புதிதாகப் பட்டாணி அளவு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பூசணும்னா இதுக்கு மேலதான் பூசணும்ணா."

தமிழரசி உதிர்ந்த சந்தனத்தை ஒரு தாளில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழன், பதினோரு மணி. அவள் உள்ளே. நான் கதவுக்கு வெளியே, கண் கடிகாரத்தில், காது கதவில். பதினெட்டு... பத்தொன்பது... இருபது. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, லேப்டாப் ஜம்மென்று ஓடுகிறது! முப்பதாவது நிமிடத்தில் இன்டர்வியூ எடுத்தவர்களில் ஒருவர் கேட்டார்: "தப்பு தன் பேரில் இருந்தும் ஒத்துக்கொள்ளாமல், அடுத்தவர் மேல் பழி போட்டுக் கத்துகிற கஸ்டமரை எப்படிச் சமாளிப்பீர்கள்?"



"எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார் சார்..." என்று ஆரம்பித்தாள்.

டேப், கொட்டாங்குச்சி, சந்தனம் — ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கம் மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. விட்டுப்போன அந்தப் பன்னிரண்டு வருஷத்தையும் 'முன் அனுபவம்' என்றே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்!